பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் வைத்தியம்

முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது நியூசிலாந்து அரசு எதிர்பாராத ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. பண்ணை வேலையில் உரமேறிய இளைஞர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். பார்வை நன்றாக இருந்தது, நெஞ்சு நன்றாக இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னால் பலருக்குப் பாதிப் பல் இல்லை, மிச்சத்தில் பெரும்பகுதி சொத்தை. போர்முனையில் படைவீரனுக்குக் கிடைத்த ரொட்டியோ கடிக்க முடியாத கெட்டி. பல் இல்லாதவன் அதை வைத்துக்கொண்டு நாலு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே 1915இல் படையோடு ஒரு பல் மருத்துவப் பிரிவையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குத் தலைமை ஏற்றவர் தாமஸ் ஹண்டர் என்ற பல் மருத்துவர். ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்த அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: இருபது வயதில் தெரிகிற நாசம் இருபது வயதில் வந்ததில்லை. அது ஆறு வயதில், சிலருக்கு மூன்று வயதிலேயே தொடங்கியது. அப்போதே யாராவது பார்த்திருந்தால் ஒரு சின்ன அடைப்போடு முடிந்திருக்கும். அந்த அறிவிலிருந்து பிறந்த ஒரு பொதுச் சேவை பின்னர் பினாங்குக்கும் கொழும்புக்கும் வந்து, தமிழ்ப் பிள்ளைகளின் வாயையும் தொட்டது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு முடிவு உறுதிப்படுகிறது. ஒரு நாட்டில் எத்தனை பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கு குழந்தைகளின் பல்லைக் காப்பாற்றுவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், குழந்தை இருக்கும் இடத்துக்கே, உரிய வயதில், திரும்பத் திரும்பப் போகிறாரா என்பதுதான் காப்பாற்றுகிறது.

உரிய வயது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் முதல் பால் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. இனிப்பைத் தின்னும் நுண்ணுயிரிகள் அமிலத்தைச் சுரந்து எனாமலைக் கரைக்கும் வேலை முதல் பல் முளைத்த அன்றே தொடங்கிவிடலாம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கரைந்து கறுத்துப்போவது இதனால்தான். ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மென்று தர வேண்டிய அந்தப் பல்லின் மேல்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும். தூரிகையின் இழை அதற்குள் போகாது. சொத்தை முதலில் பிடிப்பது அங்கேதான். பன்னிரண்டு வயதில் அடுத்த கடைவாய்ப் பல் வருகிறது. அந்த நேரத்தில்தான் பிள்ளை தன் கையில் இருக்கும் காசுக்குத் தானே வாங்கித் தின்னத் தொடங்குகிறது. அம்மா பல் விளக்கச் சொல்லிக் கேட்கிற வயதும் கடந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி ஆபத்து உண்டு. ஒரு கட்டத்தில் விட்டதை அடுத்த கட்டத்தில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. கரைந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை.

போர் முடிந்ததும் ஹண்டர் நியூசிலாந்து சுகாதாரத் துறையில் பல் நலப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் பல் மருத்துவர்களை வைத்தே வைத்தியம் பார்ப்பது நடக்காத காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு மருத்துவர்கள் நாட்டில் இல்லை. இருந்தவர்களும் நகரங்களில், கட்டணம் கொடுக்க முடிந்தவர்களுக்காக இருந்தார்கள். அதனால் அவர் முன்வைத்த திட்டம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. இளம் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் பல்லை மட்டும் பார்க்க, சொத்தையை அடைக்க, தேவைப்பட்டால் பால் பல்லை எடுக்க அனுமதிப்பது. அவர்களைப் பள்ளி வளாகத்திலேயே அமர்த்துவது. பல் மருத்துவர் சங்கம் 1920இல் இதற்கென ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டியது. 16 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். இன்று திரும்பிப் பார்க்கையில், ஒரு தொழில் தன் ஏகபோக உரிமையில் ஒரு பகுதியைத் தானே விட்டுக்கொடுத்த அபூர்வமான தருணம் அது. 1921இல் வெலிங்டனில், பல் தாதிகள் என்று பெயர் பெற்ற இந்தப் பெண்களின் முதல் அணிக்குப் பயிற்சி தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெண்கள் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். பெண்களையே தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், குழந்தைகளிடம் அவர்கள் இதமாக நடப்பார்கள் என்பது. சொல்லப்படாத காரணமும் உண்டு: அவர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும். அந்த அநீதி அரை நூற்றாண்டு நீடித்தது. 1974இல் பல் தாதிகள் தங்கள் சீருடையிலேயே நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போய்ச் சம்பள உயர்வு கேட்டார்கள். இந்தச் சேவையின் வெற்றியைப் பேசும்போது அது யாருடைய மலிவான உழைப்பின் மேல் எழுந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்தப் பள்ளிக் கிளினிக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே ஒரு நாற்காலி, கருவிகள் கொதிக்கும் பாத்திரம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. வெள்ளைச் சீருடையும் தலைத்துணியும் சிவப்புக் கம்பளிச் சட்டையும் அணிந்த தாதி, ஆரம்ப காலத்தில் காலால் மிதித்துத்தான் துளைக்கருவியைச் சுழற்றினார். மின்சாரக் கருவிகள் வந்த பிறகும் பல கிளினிக்குகளில் மிதிகருவி நெடுநாள் ஓடியது. மெதுவாகச் சுழன்ற அந்தக் கருவியின் அதிர்வும் வலியும் அதிகம். மரத்துப்போகும் ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்படவில்லை. பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குக் ‘கொலைக்களம்’ என்று பேர் வைத்ததில் வியப்பில்லை. அதே தாதிதான் வேலை முடிந்ததும் பஞ்சுருளையில் வண்ணத்துப்பூச்சி செய்து பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினார். ஒரு தாதியின் பொறுப்பில் சுமார் 500 பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வலித்தால் போவது என்ற பழக்கத்தை இந்த ஆறு மாதக் கணக்கு உடைத்தது. வலி வருவதற்கு முன்பே பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கூப்பிட வேண்டிய பொறுப்பு பெற்றோரிடமிருந்து சேவையின் தலைக்கு மாறியது. பலன் ஏடுகளில் தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் அடைத்த பற்களின் எண்ணிக்கைக்குப் போட்டியாக எடுத்த பற்களின் எண்ணிக்கையும் இருந்தது. ஒரு தலைமுறை கழிவதற்குள், பல் எடுப்பது அரிதான காரியமாகிவிட்டது.

சேவை வளர்ந்த திசையும் கவனிக்கத்தக்கது. ஆரம்பத்தில் தொடக்கப் பள்ளியின் கீழ் வகுப்புப் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பள்ளியில் சேரும் நாளிலேயே வாய் நிறையச் சொத்தையோடு பிள்ளைகள் வந்தார்கள். ஆகவே இரண்டரை வயதிலிருந்தே பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. மறுமுனையிலும் இதே கதைதான். பதின்மூன்று வயதில் நல்ல பல்லோடு பள்ளிக் கிளினிக்கை விட்டுப் போனவர்கள், பதினெட்டு வயதுக்குள் அதைத் தொலைத்துவிட்டு நின்றார்கள். 1947இல் வளரிளம் பருவத்தினருக்கும் அரசு செலவில், தனியார் பல் மருத்துவர்களிடமே சிகிச்சை பெறும் ஏற்பாடு வந்தது. இன்று அங்கே 18 வயது நிறையும் வரை அடிப்படைப் பல் சிகிச்சை இலவசம். இந்த விரிவாக்கத்தை யாரும் முதல் நாளிலேயே வரைந்து வைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சான்றுதான் அவர்களை முன்னும் பின்னும் தள்ளியது. முளைக்கும் முதல் பல் தொடங்கிப் பருவம் முடியும் வரை இடைவெளி விடாமல் பார்த்தால்தான் பல் தங்கும் என்ற உண்மையை அனுபவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்தது.

இந்த முறை நம் பக்கம் வந்தது இரண்டு வழிகளில். மலாயாவில் 1949இல் பினாங்கில் பல் தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சிங்கப்பூர் உள்ளிட்ட அண்டை நாடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து பயின்றார்கள். 1950இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டிலிருந்து பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து இலங்கைக்கு உதவ முன்வந்தபோது, அது கொடுத்த கொடைகளில் ஒன்று மகரகமையில் அமைந்த பல் தாதியர் பயிற்சிப் பள்ளி. இலங்கையில் இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் என்று அழைக்கப்படுபவர்கள் அந்த மரபின் வாரிசுகள். மூன்று வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசமாகச் சிகிச்சை அளிப்பது அவர்கள் பணி. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகளும் இந்தச் சேவையின் வட்டத்துக்குள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 1951இல் ஜான் ஃபுல்டன் எழுதிய ஆய்வு நூலை வெளியிட்டு நியூசிலாந்து அனுபவத்தை உலகத்தின் பார்வைக்கு வைத்தது. பிரிட்டனே 1960இல் லண்டனின் நியூ கிராஸ் மருத்துவமனையில் இதே மாதிரியான பயிற்சியைத் தொடங்கியது. காலனி நாடு கண்டுபிடித்ததைத் தாய்நாடு நாற்பது ஆண்டு தாமதித்துப் பின்பற்றியது.

இதற்கு எதிராக அன்றும் இன்றும் வலுவாக எழும் கேள்வி ஒன்று உண்டு: ஐந்தாண்டு படித்தவர் செய்ய வேண்டிய வேலையை இரண்டாண்டு படித்தவரிடம் கொடுப்பது குழந்தையின் உடம்போடு விளையாடுவது ஆகாதா? குழந்தைக்குத் தரம் குறைந்த வைத்தியம் போதும் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதால் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கு விடை சொல்லும் சான்றுகள் நிறைய உள்ளன. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1974இல் பள்ளிகளில் பல் தாதிகளை அமர்த்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, வெளியிலிருந்து வந்த பல் மருத்துவர்கள், எந்த அடைப்பை யார் செய்தது என்று தெரியாமலே பிள்ளைகளின் வாயைச் சோதித்து மதிப்பிட்டார்கள். தாதிகளின் வேலை மருத்துவர்களின் வேலைக்குக் குறைந்ததாக இல்லை. காரணம் எளிது. தாதி எல்லாவற்றையும் படிக்கவில்லை. குழந்தைப் பல்லில் திரும்பத் திரும்ப வரும் சில வேலைகளை மட்டும் படித்து, நாள் முழுவதும் அவற்றையே செய்கிறார். கைமீறியதை மருத்துவருக்கு அனுப்புகிறார். அந்த மாகாணத் திட்டம் 1987இல் நிறுத்தப்பட்டதற்குத் தரக்குறைவு காரணமாக இருக்கவில்லை. ஆட்சி மாறியிருந்தது, தனியார் மருத்துவர்களிடம் ஒப்படைக்கும் கொள்கை வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்தது இன்னும் தெளிவு. மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல் பாஸ்டனின் ஃபோர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் இப்படி ஒரு பரிசோதனையை அனுமதித்துச் சட்டம் இயற்றியது. பல் மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, பல் மருத்துவர் எட்டிப்பார்க்காத அலாஸ்காவின் பூர்வகுடிக் கிராமங்கள் தங்கள் இளைஞர்களை 2003இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிப் படிக்கவைத்தன. அவர்கள் ஊர் திரும்பி வேலை தொடங்கியதும் பல் மருத்துவர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. 2007இல் தீர்ப்பு கிராமங்களுக்குச் சாதகமாக வந்தது. தரத்தைப் பற்றிய கவலையும் தொழிலின் எல்லையைக் காக்கும் கவலையும் இந்த வழக்குகளில் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், முதல் கவலைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அதை நியூசிலாந்தின் சொந்த ஏடுகளே எழுப்புகின்றன. உலகமே பாராட்டிய அந்தச் சேவை அரை நூற்றாண்டு நடந்த பிறகு, 1970களில் எடுத்த கணக்கில், 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. சிறு வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாதியைப் பார்த்த அதே தலைமுறை இளமையிலேயே எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக்கொண்டது. அது மட்டுமல்ல, தாதிகள் அளவுக்கு மீறி அடைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சின்னக் கறை தெரிந்தாலும் துளைத்து அடைக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒரு முறை துளைத்த பல்லுக்கு ஆயுள் முழுவதும் பழுதுபார்ப்பு தொடரும்: அடைப்பு உதிரும், அடுத்தது பெரிதாகும், கடைசியில் பல்லே போகும். 1970களின் நடுவில் எப்போது அடைக்கலாம் என்ற வரையறையைக் கடுமையாக்கியதும் அடைப்புகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. அதனால் பிள்ளைகளின் பல் கெட்டுப்போகவும் இல்லை. அப்படியானால் முன்பு போட்டவற்றில் கணிசமான பகுதி தேவையற்றவை என்றுதானே பொருள்? ஆம், அதுதான் பொருள். இந்த உண்மையை மறைத்துவிட்டுப் பள்ளிப் பல் சேவைக்காக வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், பிள்ளையைத் தேடிப் போனது தவறு என்பதில்லை. தேடிப் போனவரின் கையில் துளைக்கருவி மட்டும் இருந்தது என்பதே குறை. சொத்தை ஒரு நோய். அடைப்பது அந்த நோய் விட்ட ஓட்டையை மூடுவது. நோய் நடந்துகொண்டே இருக்கையில் ஓட்டையை மூடிக்கொண்டே போனால், கடைசியில் மூடுவதற்குப் பல் மிஞ்சாது.

நோயை அதன் வேரில் நிறுத்தும் வழி வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901இல் வைத்தியம் தொடங்கிய ஃபிரடெரிக் மக்கே, அவ்வூர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதையும், கறை பிடித்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931இல் தெரியவந்தது. கறை விழாமல் சொத்தையை மட்டும் குறைக்கும் அளவைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகில் முதலாவதாகக் குடிநீரில் ஃபுளோரைடு கலந்தது. அதன்பின் அங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நியூசிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரம் 1954இல் இதைத் தொடங்கியது. 1950களின் நடுவில் ஃபுளோரைடு கலந்த பற்பசை கடைக்கு வந்த பிறகு, குடிநீரைத் தொடாமலே அதே காவலை வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனின் விபேஹோல்ம் மனநலக் காப்பகத்தில் நடந்த ஆய்வு, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் இனிப்பு என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பெற்ற அறிவு அது. அந்த ஆய்வு ஒரு கொடுமை என்பதைச் சொல்லாமல் அதன் முடிவைப் பயன்படுத்தக் கூடாது.

அப்படியானால் பற்பசை போதுமே, தாதி எதற்கு என்று கேட்கலாம். இதற்கு ஸ்காட்லாந்து பதில் சொல்கிறது. அங்கே குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதில்லை. ஃபுளோரைடு பற்பசை எல்லாக் கடையிலும் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கிறது. ஆயினும் 2003இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் 45 விழுக்காட்டினர்தான் வெளியில் தெரியும் சொத்தை இல்லாமல் இருந்தார்கள். மழலையர் பள்ளியிலேயே தினமும் ஒருமுறை ஆசிரியர் முன்னிலையில் பல் விளக்க வைப்பது, குழந்தை பிறந்த வீட்டுக்கே சுகாதாரப் பணியாளர் போய்ப் பேசுவது, பல்லில் ஃபுளோரைடு பூச்சு பூசுவது என்று ‘சைல்டுஸ்மைல்’ திட்டம் நாடு முழுவதும் பரவிய பின், 2018இல் அந்த விழுக்காடு 70ஐத் தாண்டியது. கடையில் பற்பசை இருப்பதும் அது பிள்ளையின் பல்லில் தினமும் படுவதும் ஒன்றல்ல. ஏழை வீட்டில், இருவரும் அதிகாலையில் வேலைக்கு ஓடும் வீட்டில், இடையில் உள்ள அந்தத் தூரம் பெரிது. அதைக் கடக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார். ஹண்டர் 1921இல் கண்டதும் இதுதான். அவர் காலத்தில் அந்த மனிதரின் கையில் கொடுக்கச் சரியான கருவி இல்லை, நம் காலத்தில் இருக்கிறது. துளைக்காமலே சொத்தையை நிறுத்தும் வெள்ளிச் சேர்மக் கரைசலையும், கைக்கருவியால் சுரண்டிவிட்டு அடைக்கும் கண்ணாடிச் சிமென்ட்டையும், ஃபுளோரைடு பற்பசையையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்திலும், ஊசி போடாமலும், பிள்ளையை அலறவைக்காமலும் இவற்றால் வேலை செய்ய முடியும்.

விழப்போகிற பால் பல்லுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளில் எப்போதும் எழும். பால் முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. நாலு வயதில் சொத்தையான பல்லோடு அந்தப் பிள்ளை இன்னும் ஏழெட்டு ஆண்டு மென்று சாப்பிட வேண்டும். சீழ் கோத்தால் இரவில் தூக்கம் இல்லை, பகலில் பாடம் ஏறாது, ஒரு பக்கமாக மென்று உடம்பும் தேறாது. முன்கூட்டியே பல்லைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். பதினான்கு வயதில் பல்லுக்குக் கம்பி போட ஆகும் செலவில் ஒரு பங்கு, நாலு வயதில் காட்டிய அலட்சியத்தின் விலை.

இந்தியா வேறு பாதையில் போனது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். ஹண்டரின் பயிற்சி தொடங்கியதற்கு முந்தைய ஆண்டு அது. போர் என்பவர் தலைமையில் அமைந்து 1946இல் அறிக்கை தந்த சுகாதாரக் குழு, நாட்டில் மூன்று லட்சம் பேருக்கு ஒரு பல் மருத்துவர் என்ற நிலையை எடுத்துக்காட்டியது. 1948இல் வந்த பல் மருத்துவர் சட்டம், பல் கட்டும் தொழில்நுட்பரையும், பல் சுத்தம் செய்யும் சுகாதாரரையும் அங்கீகரித்தது. குழந்தைக்குச் சிகிச்சை செய்யும் பள்ளித் தாதிக்கு அதில் இடமில்லை. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்து பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. கொழும்பும் பினாங்கும் தாதிகளைப் பயிற்றுவித்த அதே பத்தாண்டில் நாம் முழு மருத்துவர்களை உருவாக்கும் வழியை மட்டும் எடுத்தோம். அந்த வழி வீண்போகவில்லை. இன்று நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, திறமையான மருத்துவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். ஆயினும் 2002–03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சொத்தை இருப்பதைக் காட்டியது. மருத்துவர் எண்ணிக்கை கூடியும் கிராமத்துப் பள்ளிப் பிள்ளையின் வாய் அவர்களுக்கு எட்டவில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டியவற்றுள் பல் நோயும் சேர்க்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் சொத்தை இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுப்பது சிகிச்சையாகாது. அந்தச் சீட்டோடு ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தால், பெரும்பாலான சீட்டுகள் வீட்டோடு தங்கிவிடும்.

ஃபுளோரைடைப் பற்றிப் பேசும்போது நம் மண்ணுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் மக்களின் எலும்பே இறுகி வளைந்துபோனதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்று நீரும் அதே துயரத்தைத் தந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆகவே கிராண்ட் ராப்பிட்ஸில் செய்ததை இங்கே அப்படியே செய்யச் சொல்வது அறியாமை. இங்கே வழி பற்பசைதான், அதுவும் அளவோடு: மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்குப் பிறகு ஒரு பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குவது. தண்ணீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மருத்துவரின் ஆலோசனைப்படி. ஊருக்கு ஊர் அளவு மாறும் இந்த விஷயத்தை விளம்பரத்தில் வரும் தூரிகை நிறைந்த பற்பசை சொல்லித் தராது. ஊரை அறிந்த ஒரு பணியாளர்தான் சொல்லித் தர முடியும்.

நியூசிலாந்தின் நூறாண்டு நமக்குத் தருவது ஒரு முழுமையான வெற்றிக் கதை அல்ல. அங்கேயும் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளின் பல் மற்றவர்களைவிட மோசமாகவே இருக்கிறது. இலவசமாகக் கிடைத்தும் வளரிளம் பிள்ளைகளில் பலர் வருவதில்லை. ஆனால் எதைச் செய்தால் பலன் கிடைக்கும், எதை விட்டால் கைநழுவும் என்பதை அந்த நூறாண்டு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. குழந்தையின் முதல் பல் முளைக்கும் வயதில் அங்கன்வாடி இருக்கிறது. பள்ளியில் மதிய உணவு இருக்கிறது. 2022 முதல் காலை உணவும் இருக்கிறது. காலை உணவு முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று இரண்டு நிமிடம் பல் விளக்கப் புதுக் கட்டடமோ பெரிய செலவோ வேண்டாம்; ஆளுக்கு ஒரு தூரிகையும் ஒரு பட்டாணி அளவு பற்பசையும் போதும். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை அடைத்துக் காக்கவும், சொத்தையைத் துளைக்காமல் நிறுத்தவும், பதின்வயதில் புகையிலையின் கேட்டை நேரில் சொல்லி எச்சரிக்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வேண்டும். அவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடமும், உழைப்புக்கு ஏற்ற சம்பளமும் வேண்டும். இலங்கையும் மலேசியாவும் 70 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த முடிவு இது. அரசும் பல் மருத்துவர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, 1920இல் அந்த 16 பேர் காட்டிய பெருந்தன்மையைக் காட்டினால், இன்று அங்கன்வாடியில் இருக்கும் பிள்ளை பதினெட்டு வயதில் தன் சொந்தப் பல்லோடு பள்ளியை விட்டுப் போகும்.